உம்மாவின் கிளினிக் கொப்பி

 

இந்தப் பக்கத்தில் வழமையாகப் பிள்ளை வளர்ப்பு, குடும்ப விவகாரம், மார்க்கச் சட்டம் என்றுதான் எழுதி வருகிறேன். இம்மாதம் சீனி வருத்தம், பிரஷர் பற்றி எழுதப் போகிறேன். "மவ்லவிக்கு ஏன் டொக்டர் வேலை?" என்று யாராவது கேட்டால் கோபிக்க மாட்டேன். ஆனால் ஊர்ப்புறங்களில் வயசாளிகளின் இந்த வருத்தங்களைப் பற்றிய கேள்விகளில் பாதி டொக்டரிடம் போவதில்லை. எங்களிடம்தான் வருகின்றன. நோன்பு பிடிக்கலாமா, ஊசி போட்டால் நோன்பு முறியுமா, விரலில் குத்தி இரத்தம் எடுக்கலாமா என்றெல்லாம் கேட்பார்கள். அவற்றுக்குப் பதில் சொல்லிக் கொண்டிருப்பவன் என்ற வகையிலும், ஓர் உம்மாவின் மகன் என்ற வகையிலும் இதை எழுதுகிறேன். இரண்டிலும் நான் தவறியிருக்கிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் அம்பாறை மாவட்டத்தில், வயல்கள் சூழ்ந்த ஓர் ஊர். உம்மாவுக்கு அப்போது 66 வயது. பதினொரு வருடமாகப் பிரஷருக்கு மாத்திரை பாவித்து வந்தார். மாதத்துக்கு ஒருமுறை கிளினிக். நான் அரபுக் கல்லூரியில் படிப்பித்துக் கொடுப்பவன். கிழமையில் இரண்டு நாள்தான் வீட்டில் நிற்பேன். உம்மாவின் கிளினிக் கொப்பி ஒரு சிலிசிலிப்பைக்குள் கிடந்து, குசினிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அதை நூறு தடவை கண்டிருப்பேன். ஒரு நாளாவது கழற்றி விரித்துப் பார்த்ததில்லை. ஆயிரம் பக்கக் கிதாபுகளைப் பிள்ளைகளுக்கு வரி வரியாக விளக்கும் நான், என் உம்மாவின் நாற்பது பக்கக் கொப்பியை வாசிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை ஸுபஹ் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், உம்மா தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க இயலாமல் இருந்தார். கை நழுவியது. வாய் ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. பேச்சு குழறியது. "காத்துப் பட்டிருக்கு" என்று மாமி ஒருவர் சொன்னார். எண்ணெய் பூசினார்கள். நான் பக்கத்தில் இருந்து ஓதி ஊதினேன். ஓதுவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. வாகனத்தில் ஏற்றிவிட்டுப் போகும் வழியிலும் ஓதியிருக்கலாம் என்பதைத்தான் சொல்கிறேன். வீட்டில் ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் போனது. பிறகு பக்கத்து ஆஸ்பத்திரி, அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுத்து முடியும்போது நேரம் கடந்துவிட்டது என்றார்கள்.

இதை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும். மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கட்டியால் அடைபட்டு வரும் பாரிசவாதத்துக்கு, அந்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து இருக்கிறது. அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் அதைக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, அது இரத்தக்கசிவு அல்ல என்று நிச்சயப்படுத்த வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்த வசதி இல்லை. ஆகவே முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உடனே புறப்பட வேண்டும். "சுவசெரிய" இலவச அம்பியூலன்ஸ் சேவையின் இலக்கம் 1990. அந்த எண்ணை எங்கள் சமூகம் வேறு காரணத்துக்காக ஏற்கெனவே மறக்காமல் வைத்திருக்கிறது. இதற்காகவும் வைத்துக் கொள்வோம்.

வார்ட்டில் ஓர் இளம் டொக்டர் உம்மாவின் கொப்பியைக் கேட்டார். அன்றுதான் அதை நான் விரித்தேன். கடைசி ஐந்து மாதத்துக்கு எந்தப் பதிவும் இல்லை. பிறகு உம்மாவுக்குப் பேச்சு ஓரளவு திரும்பியதும் கேட்டேன். "தலைச்சுத்து இல்லாமப் போயிட்டு மனே. அதுதான் நிப்பாட்டினன்" என்றார். அது ஒரு காரணம். மற்றக் காரணத்தைத் தங்கச்சியின் மூத்த மகள்தான் சொன்னாள். தங்கச்சி வெளிநாட்டில் வேலை செய்கிறாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் எழுப்பி, சாப்பாடு கட்டி, பாடசாலைக்கு அனுப்புவது உம்மா. கிளினிக்குக்கு நம்பர் எடுப்பதென்றால் காலை ஆறு மணிக்கே போய் நிற்க வேண்டும். திரும்பி வர லுஹர் ஆகிவிடும். பிள்ளைகளை யார் பார்ப்பது? ஆட்டோவுக்குக் காசை யாரிடம் கேட்பது? என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மகன் படிப்பித்துக் கொடுக்கப் போகிறவன், அவனைத் தொந்தரவு பண்ணக் கூடாது என்று இருந்துவிட்டார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல என்று எனக்குத் தெரியும். மகள் கடல் கடந்து உழைக்க, மூத்தம்மா இங்கே இரண்டாவது தடவை தாயாகிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவென்றும் பாராமல் தூக்கிக் கொண்டு ஓடுவார். தன் வருத்தத்துக்கு மட்டும் நாள் பார்த்துக் கொண்டே இருப்பார்.

பிரஷர் பற்றி விளங்க வேண்டியது இதுதான். அதற்குப் பெரும்பாலும் அறிகுறியே இல்லை. தலைச்சுற்று வந்தால் பிரஷர் கூடியது, வராவிட்டால் சுகமாகிவிட்டது என்ற கணக்கு பிழையானது. வயது போகப் போக இரத்தக்குழாய்கள் இறுகுகின்றன. மேல் இலக்கம் சத்தமில்லாமல் ஏறுகிறது. 140க்கு 90 என்ற அளவைத் தொடர்ந்து தாண்டி நின்றால் அது நோய். அளந்து பார்த்தால்தான் தெரியும். மாத்திரை குடிப்பதால்தான் அளவு சரியாக நிற்கிறது. சரியாக நிற்கிறதே என்று மாத்திரையை நிறுத்துவது, நனையவில்லையே என்று மழைக்குள் குடையை மடக்குவது போலத்தான். 2022ஆம் ஆண்டு மருந்துத் தட்டுப்பாட்டின்போது எங்கள் ஊரில் பலர் ஒரு மாத்திரையை இரண்டாக உடைத்துக் குடித்தார்கள். அன்று வேறு வழியிருக்கவில்லை. அந்தப் பழக்கம் சில வீடுகளில் இன்றும் தொடர்வதைக் காண்கிறேன். "பாதி போதும், முழுசு சூடு" என்கிறார்கள். தயவு செய்து டொக்டரிடம் கேட்காமல் அப்படிச் செய்ய வேண்டாம்.

சீனி வருத்தம் பட்டணத்து நோய், மண்ணோடு பாடுபடும் எங்களுக்கு வராது என்று ஓர் எண்ணம் இருக்கிறது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் சேர்க்கப்படவில்லை. மற்ற ஏழு மாகாணங்களிலும் இருபது வயதுக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்தார்கள். நகர்ப்புறத்தில் நூற்றுக்கு 16.4 பேருக்கும், கிராமப்புறத்தில் 8.7 பேருக்கும் நீரிழிவு இருந்தது. இதைக் கேட்டுக் கிராமத்தவர்கள் சந்தோஷப்படலாம். ஆனால் நீரிழிவுக்கு முந்திய நிலையில், அதாவது வாசற்படியில் நிற்பவர்களை எண்ணியபோது நகரத்தில் 13.6, கிராமத்தில் 11. வித்தியாசம் எவ்வளவு சுருங்கிவிட்டது பாருங்கள். வீட்டுக்குள் நுழைந்தவர்கள் கிராமத்தில் பாதிதான், வாசலில் நிற்பவர்கள் ஏறக்குறைய சமம். இன்னொன்று: நீரிழிவு இருப்பதாகக் கண்டவர்களில் நூற்றுக்கு 36 பேருக்கு அது இருப்பதே அதுவரை தெரியாது. இது இருபது வருடத்துக்கு முந்திய கணக்கு. அதன் பிறகு எங்கள் ஊர்களில் எத்தனை பேக்கரிகள் வந்திருக்கின்றன என்று நீங்களே எண்ணிக் கொள்ளுங்கள்.

ஏன் இப்படி ஆனது? என் மூத்தம்மாவை நினைத்துப் பார்க்கிறேன். நெல்லை அவித்து, பாயில் காயப்போட்டு, உரலில் குற்றி, சுளகில் புடைத்துத்தான் சோறு சமைப்பார். கிணற்றில் தண்ணீர் அள்ளுவார். அம்மியில் மிளகாய் அரைப்பார். விறகு பொறுக்குவார். மூன்று வேளையும் வயிறு நிறையச் சோறு சாப்பிட்டார் என்பது உண்மை. அந்தச் சோற்றில் தவிடு இருந்தது. சாப்பிட்டதை எரிக்க வேலையும் இருந்தது. இன்று நெல் மில்லுக்குப் போகிறது. தண்ணீரை மோட்டர் ஏற்றுகிறது. மிளகாய்த்தூள் பக்கெட்டில் வருகிறது. கேஸ் அடுப்பைத் திருகினால் நெருப்பு. அல்ஹம்துலில்லாஹ், பெண்களின் பாரம் குறைந்தது நல்லதுதான். உரலை மீண்டும் தூக்கி வாருங்கள் என்று சொல்லும் ஆண்களில் நான் ஒருவனல்ல. அப்படிச் சொல்பவர்கள் முதலில் தாங்கள் குற்றிக் காட்டட்டும். ஆனால் வேலை குறைந்த அளவுக்குக் கோப்பையில் சோறு குறையவில்லை. தவிடு நீக்கிய வெள்ளை அரிசிச் சோறு, மலையாகக் குவிந்து, ஓரத்தில் ஒரு துண்டு மீனும் ஒரு கரண்டி கறியும். இதுதான் இன்றைய சாப்பாடு.

அதோடு எங்கள் உடம்பின் அமைப்பும் ஒன்று. தெற்காசிய மக்களுக்குக் கை கால் மெலிந்திருந்தாலும் வயிற்றுக்குள், ஈரல் போன்ற உறுப்புகளைச் சுற்றிக் கொழுப்புச் சேர்கிறது. இந்தக் கொழுப்புத்தான் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் தடுக்கிறது. "எனக்கென்ன, நான் மெலிவுதானே" என்று சொல்லும் ஒரு ராத்தாவுக்கும் வயிறு முன்னுக்கு வந்திருந்தால் கவனம் தேவை. தையல் டேப்பு இல்லாத வீடு எங்களிடம் ஏது? எடுத்துத் தொப்புள் மட்டத்தில் சுற்றி, இறுக்காமல் அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலம். ஆண்களுக்கு 90. அதற்கு மேலே போனால் எச்சரிக்கை. இடுப்பளவு, 130க்கு 85ஐத் தொட்ட பிரஷர், வெறும் வயிற்றில் 100ஐத் தொட்ட சீனி, 150ஐத் தொட்ட ட்ரைகிளிசரைட் கொழுப்பு, பெண்களுக்கு 50க்குக் கீழே இறங்கிய நல்ல கொலஸ்ட்ரோல் ஆகிய ஐந்தில் மூன்று ஒருவரிடம் சேர்ந்துவிட்டால், மாரடைப்புக்கும் நீரிழிவுக்கும் பாதை வெட்டப்பட்டுவிட்டது என்று டொக்டர்மார் கணிக்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்னதாகத்தான் தெரியும். வெறும் வயிற்றுச் சீனி 126ஐ எட்டினால் அது நீரிழிவு. பெரும்பாலும் இன்னொரு தடவையும் பார்த்து நிச்சயப்படுத்துவார்கள்.

குசினிப் பக்கம் ஒள்ளம் எட்டிப் பார்ப்போம். சமையலைப் பற்றிப் பெண்களுக்கு நான் வகுப்பு எடுக்கப் போவதில்லை. இரண்டு மூன்று விஷயம் மட்டும். முதலாவது, பிளேன்டீ. உம்மாமார் ஒரு நாளைக்கு நாலு கோப்பை குடிக்கிறார்கள். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் எட்டு. உலக சுகாதார நிறுவனம் நல்லதென்று சொல்லும் அளவு நாளைக்கு ஆறு தேக்கரண்டி அளவில்தான். பிஸ்கட், கேக், பெருநாள் வட்டிலப்பம் எல்லாம் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. சீனிக்குப் பதில் பனங்கட்டி, கித்துள் கருப்பட்டி, தேன் பாவித்தால் ஒன்றும் செய்யாது என்பதும் தவறு. நீரிழிவுக்காரருக்கு அவையும் சீனிதான். இரண்டாவது, உப்பு. நாள் முழுவதற்கும் ஓர் ஆளுக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி, 5 கிராம் போதும். எங்கள் கருவாட்டிலும், மாசிச் சம்பலிலும், அச்சாறிலும் அந்த அளவு ஒரு வேளையிலேயே முடிந்துவிடும். மூன்றாவது, ஸஹன். ஆறு பேர் ஒரு தட்டில் உண்பதில் பரக்கத்தும் இருக்கிறது, உறவும் இருக்கிறது. ஆனால் ஒருவர் எவ்வளவு சாப்பிட்டார் என்று யாருக்கும் தெரியாது. கல்யாண வீட்டில் பக்கத்தில் இருப்பவர் "இன்னும் ஒள்ளம் எடுங்க மச்சி" என்று இறைச்சியைத் தள்ளிக் கொடுப்பது எங்கள் பண்பு. மச்சிக்குச் சீனி இருக்கிறது என்று தெரிந்தால், சலாதையும் வெள்ளரிக்காயையும் தள்ளிக் கொடுப்பதும் அதே பண்புதான்.

வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவதும் மூத்தம்மாதான். பிள்ளைகள் மீன், கீரை, பருப்பை முடித்திருப்பார்கள். மிஞ்சுவது சோறும் ஆணமும். வீசக் கூடாதே என்று அதையும் சேர்த்துச் சாப்பிடுவார். அவருக்கென்று ஒரு துண்டு மீனும், ஒரு பிடி முருங்கைக் கீரையும் முதலிலேயே எடுத்து மூடி வைக்க மருமகளுக்கு ஒரு நிமிஷம் போதும்.

நடக்கச் சொல்கிறார்கள், எங்கே நடப்பது என்று ஒரு சகோதரி கடிதம் எழுதிக் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஊர் ரோட்டில் ஓர் உம்மா காலையில் வேகமாக நடந்தால், "எங்க இந்த நேரத்துல?" என்று பத்துப் பேர் கேட்பார்கள். நடக்கும் பெண்ணைக் கேலி பண்ணும் ஆண்களுக்கு ஜும்ஆவில் சொல்ல வேண்டியதை நான் சொல்லிக் கொள்கிறேன். நீங்கள் நாலு பேராகச் சேர்ந்து நடவுங்கள். எங்கள் ஊரில் சில தாய்மார் ஸுபஹுக்குப் பிறகு வாய்க்கால் ஓரமாக அப்படிப் போகிறார்கள். இயலாதவர்கள் வளவுக்குள்ளேயே நடக்கலாம். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம், கிழமைக்கு ஐந்து நாள். ஒரே தடவையில் முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிஷமாக. நீரிழிவுக்காரர் செருப்பில்லாமல் வளவில் நடக்கக் கூடாது. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தியதுகூடத் தெரியாது.

இனி என் இரண்டாவது தவறுக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன், ரமழானின் முதல் ஜும்ஆவில் நோன்பை விடுகிறவர்களைப் பற்றிக் கடுமையாகப் பேசினேன். இளைஞர்களை மனதில் வைத்துத்தான் பேசினேன். நோயாளிக்கு உள்ள சலுகையை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போனேன். ஸ்பீக்கர் வீடுகளுக்கும் கேட்கும் அல்லவா? அடுத்த கிழமை இன்சுலின் போடும் ஒரு மாமி அஸருக்குப் பிறகு வியர்த்து, கை நடுங்கி, பேத்திக் கொண்டு கிடந்தார். தண்ணீர் கொடுக்கப் போனால் வாயை இறுக்கி மூடிக் கொண்டார். "இன்னும் ஒண்டரை மணித்தியாலம்தானே" என்றாராம். மயங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அல்லாஹ் காப்பாற்றினான். பின்னர் அவரைப் பார்க்கப் போனபோது, "ஹஸரத் சொன்ன பிறகு விட ஏலுமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

2001ஆம் ஆண்டு 13 நாடுகளில், பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவு நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய அளவுக்குச் சீனி இறங்கிப் போவது, வயதானோருக்கு வரும் வகை நீரிழிவில், ரமழானில் மற்ற மாதங்களைவிட ஏழரை மடங்கு கூடியிருந்தது. ஆகவே இது ஈமானின் உறுதியைப் பற்றிய பிரச்சினை அல்ல. மருந்துக்கும் உணவு நேரத்துக்கும் இடையிலுள்ள கணக்கு. மெட்போர்மின் மாத்திரை மட்டும் பாவிப்பவருக்கு அந்த ஆபத்துக் குறைவு. கிளிக்ளசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ பாவிப்பவருக்குக் கூட. சிலர் நேரத்தையும் அளவையும் மாற்றிக் கொண்டு நோன்பு பிடிக்கலாம். சிலர் பிடிக்கவே கூடாது. சிறுநீரகம் பாதித்தவர், அண்மையில் மாரடைப்போ பாரிசவாதமோ வந்தவர், அடிக்கடி சீனி இறங்குபவர் எல்லாம் அந்த இரண்டாவது கூட்டத்தில் வரக்கூடியவர்கள். யார் எந்தக் கூட்டம் என்று நான் சொல்ல முடியாது, டொக்டர்தான் சொல்ல வேண்டும். ரமழானுக்கு ஆறு கிழமை முன்பே கிளினிக்கில் இதைக் கேளுங்கள். பிறை பார்த்த இரவில் என்னிடம் வந்து கேட்பதில் பயனில்லை.

நான் சொல்லக்கூடியவை இவை. விரலில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது. இன்சுலின் ஊசி உணவல்ல. அதனால் நோன்பு முறியாது என்பதே இக்கால அறிஞர்களில் பெரும்பாலோரின் முடிவு. சீனி 70க்குக் கீழே இறங்கினால் அல்லது 300ஐத் தாண்டினால் அந்த நிமிஷமே நோன்பை விட வேண்டும். மஃரிபுக்குப் பத்து நிமிஷம் இருந்தாலும் சரி. இறங்கியவருக்கு நினைவு இருக்கும்போதே சீனித் தண்ணீர் அல்லது பேரீச்சம்பழம் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். குணமாகும் நோய் என்றால் பிறகு களாச் செய்யலாம். குணமாகும் என்ற எதிர்பார்ப்பு இல்லாத நோயும் முதுமையும் உள்ளவர், நாளொன்றுக்கு ஒரு முத்து வீதம் அரிசி ஏழைக்குக் கொடுத்தால் கடமை நீங்கிவிடும். நம்பகமான டொக்டர் வேண்டாம் என்ற பிறகும் உயிருக்கு ஆபத்தாக நோன்பு பிடிப்பது மார்க்கத்தில் கூடாத காரியம். நோன்பில்லாத உம்மாவை வீட்டில் யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கக் கூடாது. அவருக்குப் பகல் சாப்பாடு கொடுக்க வேண்டியது பிள்ளைகளின் பொறுப்பு. அவர் வெட்கத்தில் தானாக எடுத்துச் சாப்பிட மாட்டார்.

இன்னொரு விஷயம் விடுபட்டுவிட்டது. மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக் கொண்டு விழுவது என்றுதான் நினைக்கிறோம். வயதான பெண்களிலும், நீரிழிவு உள்ளவர்களிலும் நெஞ்சு வலியே இல்லாமல் மூச்சு வாங்குதல், குளிர்ந்த வியர்வை, வாந்தி, தாடை அல்லது முதுகு வலி, என்றுமில்லாத களைப்பு என்று வரலாம். "கேஸ் பிடிச்சிருக்கு" என்று இஞ்சித் தேத்தண்ணியும் சோடாவும் கொடுத்துப் படுக்க வைத்த பலரை மௌத்தாகக் கண்டிருக்கிறோம். கேஸ்தானா என்று ஈசிஜி எடுத்த பிறகு டொக்டர் சொல்லட்டும்.

வருத்தம் ஒன்றும் இல்லை என்று நினைப்பவர்களைப் பரிசோதிப்பதற்கென்றே 2011 முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஹெல்தி லைப்ஸ்டைல் சென்டர் என்ற நிலையங்களைத் திறந்திருக்கிறார்கள். பிரஷர், சீனி, நிறை எல்லாம் காசில்லாமல் பார்ப்பார்கள். எங்கே, எந்த நாளில் என்று உங்கள் பகுதி மிட்வைஃபிடம் கேட்டால் சொல்லித் தருவார்.

உம்மா இப்போது மெதுவாக நடக்கிறார். வலது கை மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. சோறு அள்ள இயலாது. இடது கையால் சாப்பிட வெட்கப்பட்டு, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் சாப்பிட்டு வந்தார். இயலாதவருக்கு அதில் குற்றமில்லை என்று நான் எத்தனை தடவை சொல்லியும் மனம் கேட்கவில்லை. ஒரு நாள் பேத்தி பக்கத்தில் இருந்து ஊட்டிவிட்டாள். இப்போது அவள் பாடசாலை விட்டு வரும்வரை சாப்பிடாமல் காத்திருக்கிறார். மாத்திரை நேரம் பிந்துகிறது. இதையும் அடுத்த தடவை டொக்டரிடம் கேட்க வேண்டும். கொப்பி இப்போது தொழுகை நேர அட்டவணைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அடுத்த கிளினிக் வருகிற புதன்கிழமை. கல்லூரியில் லீவு சொல்லிவிட்டேன்.